இரண்டு மலைநாடுகளும் அவை இழந்த சமவெளியும்



போன வாரம் நான் போட்ட படங்களைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டிருந்தீர்கள். "சார், ஆப்பிரிக்கான்னு சொல்றீங்க, எல்லாரும் கம்பளி போர்த்திக்கிட்டுக் குதிரையில போறாங்களே, இது எந்த நாடு?" என்று ஒரு மாணவன். "பெரியப்பா, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி ஒண்ணையும் காணோமே" என்று ஒரு மகள். கருத்துப் பெட்டியில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். நிதானமாகப் படியுங்கள். கடைசியில் பரீட்சை கிடையாது.

என் தம்பி மகன் வேலை நிமித்தமாக டர்பனில் இருக்கிறான். அவன் அழைத்ததால் ஏப்ரலில் இரண்டு வாரம் போயிருந்தேன். அங்கிருந்து போய்ப் பார்த்த நாடுகள் இரண்டு. ஒன்று லெசோத்தோ. மற்றொன்று எஸ்வாட்டினி. நீங்கள் படித்த காலத்துப் புத்தகத்தில் அதன் பெயர் சுவாசிலாந்து என்று இருந்திருக்கும். 2018இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். இரண்டும் சிறியவை, மலைப்பாங்கானவை. இரண்டிலும் இன்றும் மன்னர் உண்டு. லெசோத்தோவைத் தென்னாப்பிரிக்கா நாலாப் பக்கமும் சூழ்ந்திருக்கிறது. எஸ்வாட்டினியை மூன்று பக்கம் தென்னாப்பிரிக்காவும் கிழக்கில் மொசாம்பிக்கும் சூழ்ந்திருக்கின்றன.

அட்லஸில் தென்னாப்பிரிக்காவைப் பார்க்கும்போது நடுவில் ஓட்டை போட்டதுபோல் வேறு நிறத்தில் ஓர் இடம் தெரியும். அதுதான் லெசோத்தோ. பரப்பளவு 30,355 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் கால் பங்கைவிடக் குறைவு. மக்கள்தொகை ஏறத்தாழ 23 லட்சம். எஸ்வாட்டினி இன்னும் சிறியது, 17,364 சதுர கிலோமீட்டர், சுமார் 12 லட்சம் மக்கள். சுற்றிலும் அவ்வளவு பெரிய நாடு இருக்க, இந்த இரண்டும் எப்படித் தனியாக மிஞ்சின? வகுப்பில் வரைபடம் மாட்டும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை கேட்கும் கேள்வி இது. "மலை காப்பாற்றியது" என்பதுதான் புத்தகத்தில் இருக்கும் பதில். அது பாதிப் பதில். மீதிப் பாதியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

டர்பன் பக்கமிருந்து லெசோத்தோவுக்குள் போக சானி கணவாய் என்று ஒரு வழி இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் அந்தப் பாதையில் ஏற விடமாட்டார்கள். தென்னாப்பிரிக்கச் சோதனைச்சாவடி அடிவாரத்தில், லெசோத்தோ சாவடி உச்சியில். நடுவில் கொண்டை ஊசி வளைவுகளாகச் சரளைக்கல் பாதை. மலையை டிராகன்ஸ்பெர்க் என்று வெள்ளையர்கள் பெயரிட்டார்கள். சூலு மொழியில் அதற்கு உகஹ்லாம்பா என்று பெயர், ஈட்டிகளை நிறுத்தி வைத்த தடுப்பு என்று பொருள். கீழே நின்று பார்த்தால் அந்தப் பெயர்தான் சரி என்று தோன்றும். உச்சி 2,876 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட உயரம். மேலே போனதும் மரம் ஒன்றும் கிடையாது. புல்வெளி, பாறை, காற்று. கம்பளி போர்த்திய மேய்ப்பர்கள், ஆட்டு மந்தை, சின்னச் சின்னக் குதிரைகள். ஏப்ரல் அங்கே இலையுதிர்காலம். எனக்குப் பல் கிட்டித்தது.

லெசோத்தோவின் மிகத் தாழ்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர், ஏறக்குறைய நம் ஏற்காடு. நாடு முழுவதும் 1,000 மீட்டருக்கு மேலே இருப்பது உலகத்திலேயே இது ஒன்றுதான். மிக உயர்ந்த சிகரம் தபானா நித்லென்யானா, 3,482 மீட்டர். தெற்கு ஆப்பிரிக்காவில் அதைவிட உயர்ந்த மலை இல்லை.

மொழியைப் பற்றி ஒரு சிறு பாடம். லெசோத்தோ என்பது நாடு. ஒரு ஆள் மொசோத்தோ. பலர் பசோத்தோ. பேசும் மொழி செசோத்தோ. சொல்லின் முன்னால் வரும் எழுத்தை மாற்றியே பொருளை மாற்றுகிறார்கள். நமக்குச் சொல்லின் பின்னால் விகுதி சேர்வதுபோல அவர்களுக்கு முன்னால். வழியில் யாரைப் பார்த்தாலும் 'கோட்சோ' என்பார்கள். அமைதி என்று பொருள். இந்த வணக்கத்துக்குப் பின்னால் ஒரு மனிதரின் கதை இருக்கிறது.

அவர் பெயர் மொஷ்வேஷ்வே. 1786 வாக்கில் ஒரு சிறு குடித்தலைவரின் மகனாகப் பிறந்தவர். இயற்பெயர் லெபோகோ. இளம் வயதில் பக்கத்துத் தலைவர் ஒருவரின் மாடுகளைக் கவர்ந்து வந்தார். அவருடைய தாடியையே மழித்துவிட்டேன் என்று பெருமையாகப் பாடிக்கொண்டாராம். சவரக்கத்தி எழுப்பும் 'ஷ்வே ஷ்வே' சத்தமே அவருக்குப் பெயராக நின்றுவிட்டது. ஆநிரை கவர்தலை வெட்சி என்று படித்த நமக்கு இது புதிதல்ல. மொஹ்லோமி என்ற ஞானியிடம் அவர் அறிவுரை கேட்டார் என்றும், ஆளுகிறவன் மருந்தைவிட மனத்தை நம்ப வேண்டும் என்று அந்தப் பெரியவர் கற்றுக்கொடுத்தார் என்றும் பசோத்தோ மக்கள் சொல்கிறார்கள்.

1820களில் அந்த வட்டாரம் முழுவதும் போரும் பஞ்சமும். சூலுக்களின் எழுச்சி ஒரு பக்கம், அடிமை வியாபாரிகளும் துப்பாக்கி ஏந்திய கொள்ளைக் கூட்டங்களும் இன்னொரு பக்கம். ஊர்கள் அழிந்தன, மாடுகள் போயின, பசி தாங்காமல் மனிதரை மனிதர் தின்னும் நிலைகூட வந்தது. 1824இல் மொஷ்வேஷ்வே தன் மக்களை அழைத்துக்கொண்டு பாதுகாப்பான மலை தேடித் தெற்கே நடந்தார். வழியில் பின்தங்கிய அவருடைய தாத்தா பீட்டே அப்படிப்பட்ட கூட்டத்திடம் சிக்கி உயிரிழந்தார். போய்ச் சேர்ந்த மலையின் பெயர் தாபா போசியு. இரவின் மலை என்று பொருள்.

நான் அந்த மலையில் ஏறினேன். தலைநகர் மசேருவிலிருந்து சுமார் 24 கிலோமீட்டர். உயரம் ஒன்றும் பிரமாதமில்லை, முட்டிவலிக்காரனான நானே நின்று நின்று ஏறிவிட்டேன். சமவெளி நடுவே தனியாக நிற்கும் மணற்கல் குன்று. உச்சி மேசைபோலத் தட்டை. சுற்றிலும் செங்குத்துப் பாறை. ஏறுவதற்குச் சில இடுக்குகள் மட்டுமே. மேலே ஊற்றுகள் உண்டு, மாடு மேய இடம் உண்டு. செஞ்சியைப் பார்த்தவர்கள் மதில்களை எல்லாம் மனத்தால் அழித்துவிட்டுப் பாறையை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த இளைஞர், "பகலில் சின்னதாகத் தெரியும், எதிரி இரவில் வந்தால் வளர்ந்துவிடும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தன் தாத்தாவும் அப்படித்தான் சொல்வார் என்று சேர்த்துக்கொண்டார். மேலே மொஷ்வேஷ்வேயின் கல்வீட்டின் இடிபாடும் எளிய கல்லறையும் இருக்கின்றன.

அந்த மலை யாருக்கும் பணியவில்லை. 1831இல் முசிலிகாசியின் என்டெபேலே படை வந்தது. மேலிருந்து கல்லை உருட்டியே விரட்டினார்கள். அடுத்து நடந்ததுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. தோற்றுத் திரும்பிய படைக்கு மொஷ்வேஷ்வே கொழுத்த மாடுகளை அனுப்பினார். பசிதான் உங்களை இங்கே கொண்டுவந்திருக்கும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். அந்தப் படை மறுபடி அவர்மேல் வரவில்லை. தாத்தாவைத் தின்றவர்கள் பிடிபட்டபோது, கொல்லுங்கள் என்று ஊரே சொன்னது. இவர்கள் என் தாத்தாவின் கல்லறை, கல்லறையை இடிக்கக் கூடாது என்று சொல்லி, இறந்தவருக்குச் செய்யும் சடங்கை அவர்கள்மேல் செய்து, மாடு கொடுத்துக் குடியமர்த்தினார். சிதறிக் கிடந்த பல குடிகள் அவரைத் தேடி வந்து சேர்ந்ததற்கு இதுதான் காரணம். பசோத்தோ என்ற இனம் அங்கே முன்பே இருந்து ஒரு மன்னனைத் தேடிக்கொள்ளவில்லை. அடைக்கலம் தேடி வந்தவர்களை எல்லாம் சேர்த்து அவர் உண்டாக்கிய இனம் அது.

திருக்குறளில் அரண் என்று ஒரு அதிகாரம் இருப்பது உங்களுக்கு நினைவிருக்கும். கோட்டையின் பெருமையை எல்லாம் அடுக்கிவிட்டு, உள்ளே இருப்பவருக்குச் செயல்திறன் இல்லையென்றால் அந்தக் கோட்டையால் பயனில்லை என்றுதான் வள்ளுவர் முடிக்கிறார். தாபா போசியுவின் உச்சியில் நின்றபோது எனக்கு அந்த அதிகாரம்தான் நினைவுக்கு வந்தது.

1833இல் பிரெஞ்சு மிஷனரிகள் மூவர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கசாலிஸ். மொஷ்வேஷ்வே அவர்களுக்கு மொரிஜா என்ற இடத்தைக் கொடுத்தார். வெள்ளையரின் எழுத்தும் அரசாங்கமும் எப்படி இயங்குகின்றன என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கடிதம் எழுதுவதையும் ஓர் ஆயுதமாக்கிக்கொண்டார். 1852இல் ஆங்கிலேய ஆளுநர் காத்கார்ட் அபராதமாக 10,000 மாடுகளும் 1,000 குதிரைகளும் மூன்று நாளில் வேண்டும் என்றார். 3,500 மாடுகள்தான் கொடுக்க முடிந்தது. படை வந்தது. பசோத்தோ குதிரைவீரர்கள் அதைத் தடுத்து நிறுத்திவிட்டார்கள். அன்றிரவே மொஷ்வேஷ்வே ஆளுநருக்குக் கடிதம் அனுப்பினார். உங்கள் வலிமையைக் காட்டிவிட்டீர்கள், தண்டித்தும் விட்டீர்கள், இத்துடன் போதும், என்னை அரசியின் எதிரியாக நினைக்காதீர்கள் என்பது சாரம். போர்க்களத்தில் கை ஓங்கியிருந்தவர், தோற்றவரைப்போல எழுதினார். காத்கார்ட் மானம் கெடாமல் திரும்பிப் போக அந்தக் கடிதம் வழி கொடுத்தது. படித்த பிள்ளைகளே, உலகத்தில் எழுதப்பட்ட புத்திசாலித்தனமான கடிதங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் அதன்பின் வந்தவர்களிடம் கடிதம் செல்லவில்லை. 1854இல் ஆங்கிலேயர் விலகிக்கொள்ள, போயர்கள் எனப்படும் டச்சு வம்சாவளி விவசாயிகள் ஆரஞ்சு சுதந்திர அரசு என்று தனியாக ஆளத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது காலிடன் ஆற்றுச் சமவெளி. கறுப்பு மண், நல்ல மழை, சோளமும் கோதுமையும் கொழிக்கும் பூமி. அங்கே உழுதுகொண்டிருந்தவர்கள் பசோத்தோக்கள். 1858இலும், பிறகு 1865 முதலும் போர். 1865 ஆகஸ்டில் லூவ் வெப்பனர் என்ற போயர் தளபதி தாபா போசியுவில் ஏறும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். மலை விழவில்லை. அதனால் கீழே இருந்த பயிரைக் கொளுத்தினார்கள், மாடுகளை ஓட்டிப் போனார்கள். மலையைப் பிடிக்க முடியாவிட்டாலும் சோற்றைப் பிடுங்க முடியுமல்லவா?

வயதான மொஷ்வேஷ்வே கடைசியில் ஆங்கிலேயரின் பாதுகாப்பைக் கேட்டார். ஏற்கெனவே பலமுறை கேட்டிருந்தார். 1868 மார்ச் 12ஆம் தேதி ஆளுநர் வுட்ஹவுஸ் பசூட்டோலாந்து ஆங்கிலேயருக்கு உட்பட்டது என்று அறிவித்தார். நாடு தப்பியது. ஆனால் மறு ஆண்டு அலிவால் நார்த் என்ற ஊரில் வைத்து எல்லை போட்டபோது, காலிடன் ஆற்றுக்கு மேற்கே இருந்த நல்ல நிலம் போயர்களுக்கே போனது. மொஷ்வேஷ்வே 1870 மார்ச் 11ஆம் தேதி இறந்தார். அந்த நாள் இன்றும் அங்கே அரசு விடுமுறை.

இப்போது மறுபடி வரைபடத்தைப் பாருங்கள். லெசோத்தோ ஏன் மலைநாடாக இருக்கிறது? அந்த மக்கள் மலையை மட்டும் விரும்பிக் குடியேறியதால் அல்ல. அவர்களுடைய சமவெளியைப் பிறர் எடுத்துக்கொண்டு மலையை விட்டுவைத்ததால். ஆற்றங்கரையில் நின்று அக்கரையைப் பார்த்தேன். நேராகப் பாத்தி கட்டிய பெரிய பண்ணைகள். அந்தப் பகுதிக்கு 'வென்றெடுத்த நிலம்' என்றே போயர்கள் பெயர் வைத்தார்கள். அக்கரை ஊர்களின் பெயர்கள் வெப்பனர், ஃபிக்ஸ்பர்க், செனெகல். மூன்றும் பசோத்தோக்களோடு போரிட்ட தளபதிகளின் பெயர்கள். தினமும் வேலைக்கு எல்லை தாண்டுகிறவர்கள் அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டுதான் போகிறார்கள்.

நடுவில் ஒன்றை விடக் கூடாது. 1871இல் அவர்களைக் கேட்காமலே ஆங்கிலேயர் அந்த நாட்டைக் கேப் காலனியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கேப் அரசு, எல்லாரும் துப்பாக்கியை ஒப்படையுங்கள் என்றது. கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் வெட்டிச் சம்பாதித்த கூலியில் வாங்கிய துப்பாக்கிகள் அவை. மறுத்தார்கள். 1880-81இல் நடந்த போருக்குத் துப்பாக்கிப் போர் என்றே பெயர். கேப் அரசால் வெல்ல முடியவில்லை. 1884இல் நாட்டை மறுபடி லண்டனிடமே கொடுத்துவிட்டது. இதன் அருமை 26 ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. 1910இல் கேப், நேட்டால், டிரான்ஸ்வால், ஆரஞ்சு ஆற்றுக் காலனி எல்லாம் சேர்ந்து தென்னாப்பிரிக்க ஒன்றியம் ஆனபோது பசூட்டோலாந்து அதில் இல்லை. 1948க்குப் பிறகு வந்த நிறவெறிச் சட்டங்கள் அங்கே செல்லவில்லை. 1966 அக்டோபர் 4இல் அது தனி நாடானது. அன்று துப்பாக்கியைக் கொடுத்திருந்தால் இன்று அந்த அட்லஸில் ஓட்டையே இருந்திருக்காது.

எல்லைக்கு அப்பால் இருந்து தப்பி வந்தவர்களுக்கு இந்தச் சின்ன நாடு இடம் கொடுத்தது. அதற்கு விலையும் கொடுத்தது. 1982 டிசம்பர் 9 அதிகாலையில் தென்னாப்பிரிக்கப் படை மசேருவுக்குள் புகுந்து 42 பேரைக் கொன்றது. அவர்களில் 12 பேர் உள்ளூர்க்காரர்கள்.

நிலம் போனதன் விளைவை இன்னும் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பசோத்தோக்கள் கிம்பர்லிக்குத் தானியம் விற்றவர்கள். சமவெளி போய், இருந்த மேட்டு நிலமும் மண் அரித்துப் போக, தானியம் வாங்குகிறவர்கள் ஆனார்கள். ஆண்கள் ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களுக்குப் போனார்கள். 1970களிலும் 80களிலும் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அப்படிப் போனார்கள். வீட்டில் பெண்களும், மாடு மேய்க்கச் சிறுவர்களும். அதனால் அங்கே ஒரு விசித்திரம் உண்டு. பெரும்பாலான நாடுகளில் ஆண்கள் அதிகம் படித்திருப்பார்கள். லெசோத்தோவில் எழுத்தறிவில் பெண்கள்தான் முன்னே. பையன்கள் மந்தைக்குப் பின்னால் போய்விட்டார்கள். மலைமேல் கம்பளி போர்த்தி நின்ற சிறுவர்களைப் படத்தில் பார்த்து "அழகா இருக்கு சார்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அவர்களைப் பார்த்தபோது வருகைப் பதிவேடுதான் ஞாபகம் வந்தது.

லெசோத்தோவில் கடைசியாகப் பார்த்தது காட்சே அணை. 185 மீட்டர் உயரம். இரண்டு மலைக்கு நடுவே வில்லாக வளைந்த கான்கிரீட் சுவர். ஜோகன்னஸ்பர்க் தங்கத்துக்காக 1886இல் எழுந்த நகரம். அதன் பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. அந்தத் தாகத்துக்காக 1986இல் ஒப்பந்தம் போட்டார்கள். அந்த ஆண்டு ஜனவரியில்தான் தென்னாப்பிரிக்கா எல்லையை மூடி நெருக்க, லெசோத்தோவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. அதே அக்டோபரில் கையெழுத்து. 1998 முதல் மலைத்தண்ணீர் சுரங்கக் குழாய் வழியே வடக்கே போகிறது. அதற்குப் பணம் வருகிறது, மின்சாரமும் கிடைக்கிறது, உண்மைதான். அணைக்காக வயலையும் மேய்ச்சலையும் இழந்த மலைக்கிராமத்தாரின் குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை, அதுவும் உண்மைதான். முன்பு தங்கம் வெட்ட ஆள் அனுப்பிய மலை, இப்போது அதே நகரத்துக்குக் குடிக்கத் தண்ணீர் அனுப்புகிறது.

அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க் வழியாக எஸ்வாட்டினி. எல்லையைத் தாண்டியதும் நிக்வென்யா என்ற மலை. அங்கே 40,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் செங்காவி வெட்டியெடுத்த குகை ஒன்று இருக்கிறது. உலகத்தின் மிகப் பழைய சுரங்கங்களில் ஒன்று. லெசோத்தோவின் மொட்டைப் புல்வெளிக்குப் பிறகு இந்த நாடு பச்சையாக, வெதுவெதுப்பாக இருந்தது. தலைநகர் ம்பபானேயிலிருந்து கீழே இறங்கினால் எசுல்வினிப் பள்ளத்தாக்கு. வானுலகம் என்று பெயர். ஒரு பக்கம் எம்ட்சிம்பா குன்றுகள். எதிரி வந்தபோதெல்லாம் சுவாசி மக்கள் அந்தக் குன்றுகளின் குகைகளில்தான் ஒளிந்துகொண்டார்கள்.

இவர்கள் நிலத்தை இழந்த கதை வேறு. முதலாம் சோபூசா என்ற மன்னர் ஒரு கனவு கண்டதாகச் சொல்கிறார்கள். வெள்ளை நிறத்தவர் வருவார்கள், ஒரு கையில் புத்தகம் இருக்கும், மறு கையில் காசு இருக்கும், புத்தகத்தை வாங்குங்கள், காசைத் தொடாதீர்கள் என்பது கனவு. அந்தச் சொல் நிற்கவில்லை. 1875 முதல் 1889 வரை ஆண்ட எம்பான்ட்சேனி காலத்தில் போயர்களும் ஆங்கிலேயர்களும் வரிசையாக வந்தார்கள். குளிர்காலத்தில் ஆடு மேய்க்க இடம், கனிமம் தேட உரிமை, மரம் வெட்ட உரிமை என்று கேட்டு, காகிதத்தில் அடையாளம் போடச் சொன்னார்கள். மன்னருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் மரபில் நிலம் மன்னரிடம் இருக்கும், யாருக்கும் விற்க முடியாது. பயன்படுத்திக்கொள்ளக் கொடுக்கலாம், திரும்ப எடுக்கலாம். அந்த எண்ணத்தில் அவர் கொடுத்தார். வாங்கியவர்கள் சொத்து என்று எண்ணி வாங்கினார்கள். சுங்கவரி, தபால், ரயில், அச்சு என எல்லாவற்றுக்கும் உரிமைப் பத்திரம் போனது. கடைசியில் மன்னரின் சொந்த வருமானத்தை வசூலிக்கும் உரிமையும் போனது. ஒரே நிலத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் பத்திரம் வைத்திருந்தார்கள்.

ஆங்கிலேயர் 1907இல் இதைத் தீர்த்துவைத்தார்கள். எப்படி? நாட்டின் மூன்றில் ஒரு பங்கு சுவாசி மக்களுக்கு. மீதி பத்திரம் வைத்திருந்தவர்களுக்கும் ஆங்கிலேய அரசுக்கும். ஒரு பெரிய போர்கூட இல்லாமல் மூன்றில் இரண்டு பங்கு நிலம் போய்விட்டது.

அப்போது ஆண்டவர் லபோட்சிபேனி என்ற பாட்டி. எம்பான்ட்சேனியின் மனைவி. பேரன் இரண்டாம் சோபூசா கைக்குழந்தையாக இருந்ததால் அவர் பெயரில் 1921 வரை ஆட்சி செய்தார். எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்துப்போனவர் இவர்தான். எந்த மலையும் இனி உதவாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வேலை செய்தார். ஒன்று, இளைஞர்களைச் சுரங்கத்துக்கு அனுப்பி, கூலியில் ஒரு பங்கை நிதியாகச் சேர்த்து, இழந்த நிலத்தை விலைக்கு வாங்கத் தொடங்கினார். தங்கள் நிலத்தைத் தாங்களே காசு கொடுத்து வாங்குவது! இரண்டாவது, பள்ளிக்கூடம் தொடங்கினார். வெள்ளையரின் பலம் பணத்திலும் புத்தகத்திலும் இருக்கிறது, நாமும் படிப்போம் என்பது அவருடைய கட்சி. பேரனையும் கேப் பகுதியில் இருந்த லவ்டேல் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்.

பேரன் 1922இல் லண்டனுக்கே போய் நிலத்துக்காக முறையிட்டார். வழக்குப் போட்டார். 1926இல் பிரிவி கவுன்சிலில் தோற்றார். ஆனாலும் விலைக்கு வாங்குவதை விடவில்லை. 1968 செப்டம்பர் 6இல் விடுதலை வந்தபோது நாட்டின் பாதிக்கு மேற்பட்ட நிலம் மறுபடி சுவாசி மக்களிடம் இருந்தது. பாட்டி தொடங்கியதைப் பேரன் தொடர, அறுபது ஆண்டு பிடித்தது.

இதோடு நிறுத்தினால் கதை இனிப்பாக முடியும். ஆனால் வரலாறு என்றால் மீதியையும் சொல்ல வேண்டும். அதே இரண்டாம் சோபூசா 1973 ஏப்ரல் 12இல் அரசியல் சட்டத்தை ரத்து செய்து, கட்சிகளைத் தடை செய்து, எல்லா அதிகாரத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். 1982இல் இறக்கும்வரை 82 ஆண்டுக்கு மேல் அரியணையில் இருந்தவர். அவர் மகன் மூன்றாம் முஸ்வாட்டி 1986 முதல் ஆள்கிறார். ஆப்பிரிக்காவில் முழு அதிகாரத்தோடு ஆளும் கடைசி மன்னர் என்று அவரைச் சொல்வார்கள். 2021இல் ஜனநாயகம் கேட்டு இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். பலர் சுடப்பட்டு இறந்தார்கள். நான் பேசிப் பார்த்தேன். மன்னரைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். லெசோத்தோவில் அப்படியில்லை. அங்கே மூன்றாம் லெட்சி மன்னர் பெயரளவில்தான். ஆள்வது தேர்தலில் வந்த அரசு. கவிழ்ப்பும் குழப்பமும் அங்கேயும் நிறைய. ஆனால் தேநீர்க் கடையில் பிரதமரை வாய்விட்டுத் திட்டுகிறார்கள். நம் ஊரில் இருப்பதுபோலவே இருந்தது.

ஒரு நாடு துப்பாக்கிக்கு நிலத்தை இழந்தது. இன்னொரு நாடு கையெழுத்துக்கு இழந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு வந்தபின் எனக்குக் கையெழுத்துதான் அதிகப் பயமாக இருக்கிறது. துப்பாக்கியோடு வருகிறவன் எதிரி என்று எல்லாருக்கும் தெரியும், கல்லை உருட்டலாம். பத்திரத்தோடு வருகிறவனுக்கு நாம் நாற்காலி போட்டுக் காப்பி கொடுப்போம். நம் ஊரிலும் கைநாட்டில் போன காணிகள் எத்தனை என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். உறவுக்காரர்களுக்கு நான் பெயர் சொல்லத் தேவையில்லை.

அதனால் இந்த வாத்தியார் கேட்பது ஒன்றுதான். உங்கள் பிள்ளைகளுக்கு மொஷ்வேஷ்வேயின் கதையைச் சொல்லுங்கள். பசியோடு வந்த படைக்கு மாடு அனுப்பிய மன்னரை அவர்களுக்குப் பிடிக்கும். கொஞ்சம் வளர்ந்தபின் லபோட்சிபேனி பாட்டியின் கதையையும் சொல்லுங்கள். எதில் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும் முழுவதும் படித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

கேள்விகள் இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். அங்கே கம்பளியைக் கோடுகள் மேலிருந்து கீழாக நிற்கும்படிதான் போர்த்துவார்கள். படத்தில் நான் குறுக்காகப் போர்த்தியிருப்பதைப் பார்த்து வழிகாட்டி இளைஞர் சிரித்த காரணம் இப்போது புரிந்திருக்கும்.

கோட்சோ. அமைதி நிலவட்டும்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்